பிளெக்ஸில் நாலு விரல்

"அந்த விரலை மறைச்சி வுடுடா" என்றாள் மார்த்தாள்.

ரோஜா மாலையும் கையுமாக ஸ்டூல் மேல் நின்ற ஆரோனுக்கு விளங்கவில்லை. "எந்த விரல்மா?"

"உங்கப்பா தோள் மேல கெடக்குதே, அதான். மாலையை அந்தப் பக்கம் இழுத்து வுடு."

குவார்ட்டர்ஸ் வாசலில் ஷாமியானா கம்பத்தில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸில் இருதயசாமி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நேற்றுக் காலை நைட் ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக் கழற்றும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த மனுஷன் கூடத்தில் பெட்டிக்குள் கிடந்தார். பிளெக்ஸ், மைன்ஸ் நண்பர்கள் அடித்துக் கொண்டுவந்தது. படம் பிச்சாவரத்தில் எடுத்தது. பக்கத்தில் இருந்த கூட்டாளி மருதாசலத்தைக் கடைக்காரன் படத்திலிருந்து வெட்டிவிட்டான். ஆனால் தோளைப் பிடித்திருந்த நாலு விரலை எடுத்தால் சட்டையே கெட்டுப்போகும் என்று அப்படியே விட்டுவிட்டானாம்.

வேறு படமே கிடைக்கவில்லையா இவர்களுக்கு? கல்யாணப் படம் சுவரிலேயே தொங்குகிறது. அதில் மனுஷன் கேட் பாஸுக்கு எடுத்த மாதிரி விறைத்துக்கொண்டு நிற்பார். பெண்டாட்டி பக்கத்தில் நின்றால் சிரிப்பு வராதோ என்னவோ!

மருதாசலம் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள். இருவருக்கும் சுரங்கத்தில் ஒரே மிஷினில் வேலை. இருதயசாமி புல்புல்தாரா வாசிப்பார், மருதாசலம் பாடுவார். யார் காலையாவது பிடித்து ஷிப்டை மாற்றி, வார லீவை ஒரே நாளில் விழவைத்து, ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவார்கள். தரங்கம்பாடிக் கடல், செஞ்சிக் கோட்டை, கங்கைகொண்ட சோழபுரம் என்று போகாத இடமில்லை. மார்த்தாளின் தம்பி கல்யாணத்துக்கு மட்டும் ஷிப்ட் மாறவில்லை. இத்தனைக்கும் கல்யாணம் இங்கே பக்கத்தில் இருக்கிற முத்தாண்டிக்குப்பத்தில்!

ஊர் சுற்றி வந்தால் இரண்டு நாளைக்கு வீட்டில் புது மெட்டாக ஒலிக்கும். குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் ஊற்றும்போதும் முனகிக்கொண்டே ஊற்றுவார். "என்னாத்த பாத்தீங்க?" என்று கேட்டால் "கடலு" என்பார். அதோடு சரி. பேச்சையெல்லாம் அந்த ஆளிடம் கொட்டிவிட்டுக் காலி டிபன் பாக்ஸோடு வீட்டுக்கு வருகிறார் என்று மார்த்தாளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்றைக்காவது அவர் தனக்கு மட்டும் என்று இருக்கக் கூடாதா? அதற்கும் கொடுத்துவைக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவன் எல்லாம் நேரே மருதாசலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, அப்புறம்தான் உள்ளே வந்தான். தாலி கட்டிக்கொண்டவள் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று கத்தலாம் போல இருந்தது.

நாலு மணிக்கு உபதேசியார் ஜெபப் புத்தகத்தை மூடினார். "கடைசியா நெத்தியில முத்தி செய்றவங்க செய்ங்க. பெட்டி மூடணும்."

மருதாசலம் செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியில் வந்து நின்றார். கண் இரண்டும் வீங்கியிருந்தது. "அம்மணி, நானும் ஒருக்கா பாத்துக்கட்டுங்களா?"

மார்த்தாள் அசையவில்லை. "ஊர் ஊரா பாத்தது போதாதாண்ணே? எங்கிட்ட நாலு வார்த்தை சேந்தாப்புல பேசனதில்ல அந்த மனுசன். உங்ககிட்ட அப்படி என்னாதான் பேசிக்கினு இருந்தாரு? அதச் சொல்லிட்டு வந்து பாருங்க."



"எங்கிட்டங்களா?" மருதாசலம் துண்டால் மூக்கைத் துடைத்தார். "அவரு எங்கீங்க பேசுனாரு? போற வழியெல்லாம் நான்தான் தொணதொணன்னுட்டு வருவேன். அங்க போனா புல்புல்தாராப் பொட்டியத் தொறந்து வாசிப்பாரு. பொழுது சாஞ்சா எந்திரிச்சிருவாரு. ஊட்டுக்கு வந்து உங்ககிட்டத்தான் எல்லாத்தையும் பேசுவாருன்னு நெனச்சனுங்க. தப்பா நெனைக்காதீங்க அம்மணி, உங்க மேல எனக்கு வயித்தெரிச்சலுங்க."

மார்த்தாள் பெட்டியைப் பார்த்தாள். அவர் வாய் இறுக மூடித்தான் இருந்தது.

"அப்ப அந்தப் போட்டோவுல சிரிக்கிறாரே?"

"படகு ஆடுச்சுங்க. எனக்கு நீச்சல் தெரியாது. பயத்துல அவரு தோளக் கெட்டியாப் புடிச்சேன். அதுக்குத்தான் அந்தச் சிரிப்பு."

அவளுக்கு அழுகை அப்போதுதான் வந்தது. குனிந்து அவர் நெற்றியில் முத்தி செய்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் தலைமாட்டிலிருந்து கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். மருதாசலம் வந்து உட்கார்ந்தார்.

பெட்டியை வண்டியில் ஏற்றும்போது மார்த்தாள் ஷாமியானா கம்பத்தடியில் நின்றுவிட்டாள்.

"ஆரோனு, மாலையை நவுத்தி வுடு."

"விரல் தெரியுமேம்மா."

"தெரியட்டும். அண்ணனுக்கு நீச்சல் தெரியாதாம்."

ஆரோன் மறுபடியும் ஸ்டூலைத் தேடி எடுத்து வந்து போட்டான். அவன் ஏறி மாலையை நகர்த்தி முடிக்கும் வரை வண்டி நின்றது.