பின்னால் போன பஸ்

"மிஸ்டர், வேற வழியே இல்ல. ரிவர்ஸ் எடுத்துத்தான் ஆகணும்" என்றார் டிரைவர் நேக்குலாய்.

பஸ்ஸுக்குள் பதினெட்டு ஆட்டக்காரர்களும் மூச்சு விட மறந்தார்கள்.

ஆட்டத்துக்குப் போகிற பஸ் ஓரடி கூடப் பின்னால் நகரக் கூடாது. நகர்ந்தால் தோல்வி. ருமேனியாவில் பந்தை உதைத்த எவனும் இதைக் கேள்வி கேட்டதில்லை. எல்லாரும் 'மிஸ்டர்' என்றே அழைக்கும் பயிற்சியாளர் விர்ஜில் புர்துஜாவோ இதை அனுபவித்தே அறிந்தவர். முதல் டிவிஷனில் அவர் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரே ஒருமுறை, பெட்ரோல் பங்கில் பஸ் இரண்டடி பின்னால் போனது. அன்று சொந்த வலைக்குள்ளேயே இரண்டு கோல் போட்டார்.

பயிற்சியாளரான பிறகு திர்னோயா அவருக்குப் பன்னிரண்டாவது ஊர். ஒன்பது ஊரில் சீட்டைக் கிழித்து அனுப்பினார்கள். இரண்டு ஊரில் கிளப்பையே மூடிவிட்டார்கள். ஆனாலும் எந்த ஊரிலும் அவருடைய பஸ் பின்னால் போனதில்லை. அந்தப் பெருமையை யாரும் பறிக்க முடியவில்லை, இன்றுவரை.

இன்று சீசனின் கடைசி ஆட்டம். டிரா செய்தால் போதும், திர்னோயா மூன்றாம் டிவிஷனில் தங்கிவிடும். தோற்றால் மாவட்ட லீக்குக்கு இறங்க வேண்டியதுதான்.

"தோத்தா ஊருக்கே வராத விர்ஜில். உன் பெட்டியை நானே கட்டி அனுப்பிடறேன்" என்று மேயரம்மா காலையிலேயே வழியனுப்பியிருந்தாள்.

குறுக்கு வழி என்று நேக்குலாய் நுழைந்த சந்து ஒரு மாட்டுக் கொட்டகையின் வாசலில் முடிந்திருந்தது. பஸ்ஸின் மூக்குக்கு எதிரே ஒரு பசு நின்று அசைபோட்டது. ஆட்டம் பதினொரு மணிக்கு. இப்போது பத்து இருபது.

"இது குறுக்கு வழின்னு யாருண்ணே சொன்னா?" என்று கேட்டான் கேப்டன் சிப்ரியான்.

"போன்ல ஒரு பொம்பளக் குரல் சொல்லிச்சு."

"வீட்டுல அண்ணி சொன்னா காது கேக்காது. போன்ல எவளோ சொன்னா மட்டும் கேக்குது."

"நடந்தே போயிரலாமா?" என்றான் கோல்கீப்பர் ரஸ்வான்.

"பன்னெண்டு கிலோமீட்டர்டா. உன் தொப்பை ரெண்டு தாண்டாது" என்றான் சிப்ரியான்.

விர்ஜில் கடிகாரத்தைப் பார்த்தார். பசுவைப் பார்த்தார். எழுந்தார்.

"எல்லாரும் இறங்குங்க. பையை எடுத்துக்கிட்டு மெயின் ரோட்டுக்கு நடங்க. பஸ்ல நான் மட்டும் இருக்கேன்."

"நீங்களும் இறங்கிருங்க மிஸ்டர்."

"வர்ற பீடை எவன் தலையிலயாவது உக்காந்துதானே ஆகணும். உங்க தலை ஆட்டத்துக்கு வேணும். என்னுது சும்மாத்தான் இருக்கு."

"அப்போ என் தலை?" என்றார் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த நேக்குலாய்.

"நீ திர்னோயாவுல முப்பது வருஷமா இருக்க. புதுசா உனக்கு என்ன ஆயிரப் போகுது?"

இருநூறு மீட்டர். பஸ் உறுமிக்கொண்டே பின்னால் நகர, காலி இருக்கைகளுக்கு நடுவே கண்ணை இறுக மூடிக்கொண்டு, விர்ஜில் விடாமல் சிலுவைக் குறி போட்டுக்கொண்டே இருந்தார்.

மெயின் ரோட்டில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, பத்து ஐம்பத்தைந்துக்கு எதிரணியான மொலிஷேனியின் மைதானத்தை அடைந்தார்கள்.

ஏழாவது நிமிடத்தில் எங்கோ உதைபட்ட பந்து நேராக வந்து விர்ஜிலின் மூக்கை உடைத்தது. அவருக்கு வலித்தது. அவருடைய ஆட்டக்காரர்களுக்கோ முகமெல்லாம் பல்.

"பீடை மிஸ்டரைப் பிடிச்சிருச்சுடா. நாம தப்பிச்சோம்" என்றான் சிப்ரியான்.

அரை மணி ஆனபோது அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சு முறிந்தது. ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் லைன்ஸ்மேனின் கண்பார்வையைப் பற்றி அக்கறையாக விசாரித்ததற்குச் சிவப்பு அட்டை கிடைத்தது. வேலிக்கு வெளியே, உள்ளூர் ரசிகர்களின் நடுவில் போய் நின்றார். ஒவ்வொரு அடி அவருக்கு விழும்போதும் அணிக்குத் தெம்பு கூடியது. சீசன் முழுக்க ஆடாத ஆட்டத்தை ஆடினார்கள். பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

எண்பத்தொன்பதாவது நிமிடம். மொலிஷேனிக்குப் பெனால்ட்டி.

கோல் கோட்டில் நின்ற ரஸ்வான் திரும்பி வேலியைப் பார்த்தான். முகம் வெளுத்திருந்தது. அவன் என்ன கேட்கிறான் என்று விர்ஜிலுக்குப் புரிந்தது. அரை மணி நேரத்துக்கு மேலாக அவருக்கு ஒரு கெடுதலும் நடக்கவில்லை. மூக்கில் ரத்தம் கூட நின்றுவிட்டது. அப்படியானால் மிச்சமிருக்கும் பீடை இப்போது எங்கே?

பக்கத்தில் ஒரு தடித்த ஆள் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டிருந்தார்.

"ஐயா, எங்க டீமை உங்களுக்குப் பிடிக்குமா?" என்று கேட்டார் விர்ஜில்.

"பாத்தாலே எரியுது."

"என்னை?"

"உன்னை அதைவிட."

"அப்போ கன்னத்துல ஒண்ணு விடுங்க. சீக்கிரம்."

அந்த ஆள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். விதைகளைப் பையில் போட்டார். உள்ளங்கையைக் கால்சட்டையில் நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

அறை விழுந்த சத்தம் மைதானத்தின் மறு கோடி வரை கேட்டது. விர்ஜிலின் தொப்பி மூன்று வரிசை தாண்டிப் போய் விழுந்தது. ரஸ்வான் பார்த்தான், முகத்தில் ரத்தம் திரும்பியது. பெனால்ட்டியை உதைக்க ஓடி வந்துகொண்டிருந்தவனும் சத்தம் கேட்டு அரை நொடி திரும்பினான். அந்த அரை நொடியில் உதைத்த பந்து கம்பத்துக்கு மேலே எழும்பி, பிளம் தோட்டத்துக்குள் போய் மறைந்தது.

சற்று நேரத்தில் விசில். டிரா. வேலிக்கு உள்ளே திர்னோயாவின் ஆட்டக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். மேயரம்மா போனில் அழைத்து, அடுத்த சீசனும் நீதான் என்றாள். ஒரு காது இன்னும் ரீங்கரித்துக்கொண்டிருந்ததால் விர்ஜில் அதை மறு காதில் கேட்டுக்கொண்டார்.

அடித்த ஆள் போகாமல் அங்கேயே நின்றிருந்தார்.

"ஆமா, எதுக்கு அடிக்கச் சொன்ன?"

விர்ஜில் பஸ் கதையை ஒன்று விடாமல் சொன்னார். அந்த ஆள் தம் உள்ளங்கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவி மனுஷா, முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா? கட்டிப் பிடிச்சு முத்தம் கொடுத்திருப்பேனேய்யா."