செம்பி காத்த துணி

மண்முனைத் துறையில் வாவிக்குக் குறுக்கே தோணி விட்ட பத்தக்குட்டி எவரையும் நம்பமாட்டார். ஒருவன் வந்து நல்ல வார்த்தை சொன்னால், இவனுக்கு என்னிடம் என்ன வேணும் என்றுதான் முதலில் யோசிப்பார். ஐயர் திருநீறு நீட்டினாலும் ஐயரின் மற்றக் கையைப் பார்ப்பார். மனிசன் எப்படிப்பட்டவன் என்பதைத் தோணியில் நின்று பார்த்தவருக்கு வேறு பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை.

வேண்டாத நாயைத் தண்ணீர் கடத்தி விட்டுவிட்டால் அது வீடு திரும்பாது என்பது அந்தப் பக்கத்துச் சனத்தின் கணக்கு. கடத்துவதற்குத் தோணி வேண்டும். தோணி பத்தக்குட்டியின் தோணி. சாக்குக்குள் எதுவாவது அசைந்தால் அவர் கம்பை ஊன்றுவதை நிறுத்திவிட்டு, "அவிழ்த்துக் காட்டு" என்பார். காட்டாதவன் நடு வாவியில் இருந்துகொண்டு வானத்தைப் பார்க்கவேண்டியதுதான்.

சப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட வருஷம் சாக்கும் தேவைப்படவில்லை. புளியந்தீவுச் சனம் சட்டி பானை, தையல் மெசின், கோழிக்கூடு என்று கைக்கு எட்டியதையெல்லாம் தூக்கிக்கொண்டு மேற்குக் கரைக்கு ஓடியது. நாய்களுக்குத் தோணியில் இடமில்லை. "மறுகா வந்து கூட்டிப்போறம்" என்று சொன்னார்கள். ஒருவரும் வரவில்லை. அந்த நாய்களெல்லாம் கிழக்குத் துறையடியில் இருந்த பத்தக்குட்டியின் குடிசையைச் சுற்றிப் பூவரச மரத்தடியில் கிடந்தன. மீன்காரர் எறிகிற தலையையும் செதிளையும் பொறுக்கிக் கஞ்சியோடு அவித்துப் போட்டார். திட்டிக்கொண்டேதான் போட்டார்.

நாய் கேட்டு வருகிறவர்களுக்கு அவரிடம் ஒரே சட்டம். ஆம்பிளை தனியே வந்து கேட்டால் கொடுக்கமாட்டார்.

"வீடு ஆருட வீடு?" என்பார்.

"என்ட பெண்சாதிட வீடு."

"அப்ப அவளக் கூட்டிக்கொண்டு வா."

அந்தப் பக்கத்தில் கலியாணம் கட்டினால் ஆம்பிளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது, அடுப்பு அவளுடையது, அடுப்படியில் கிடக்கப்போகிற நாய்க்குச் சோறு போடுகிறவளும் அவள்தான். அவள் வந்து, நாயைப் பார்த்து, "ஓம், சாகுமட்டும் எங்கட வாசல்ல கிடக்கட்டும்" என்று தன் வாயால் சொல்லவேண்டும். சொன்னால் நாய் போகும். சொல்லாவிட்டால் பூவரச மரத்தடி.

செம்பி வந்ததும் அந்தக் குண்டு வருஷத்தில்தான். செம்பட்டை நிறம், ஒரு காதில் வெட்டு. அதை விட்டுப்போன குடும்பத்தை ஏற்றிப்போன தோணியைப் பார்த்துக்கொண்டு வயிறு நனையும் தண்ணீரில் நின்றது. கம்பு ஊன்றி அந்தத் தோணியைத் தாங்கிப்போனவர் பத்தக்குட்டி. திரும்பி வந்தபோதும் அதே தண்ணீரில் நின்றது. அவர் தோளில் கிடந்த கோடு போட்ட சால்வையைக் கரையில் போட்டுவிட்டு நாயைத் தூக்கி வந்தார். அன்றிலிருந்து அந்தச் சால்வையில்தான் படுக்கை.

அதற்கு ஒரு பழக்கம் இருந்தது. முன்பு வைத்திருந்தவர்கள் பழக்கியிருக்கவேண்டும். துணியைக் கீழே போட்டு, "இரு" என்றால் இருக்கும். மழை வந்தாலும் இருக்கும், சோறு தூரத்தில் மணத்தாலும் இருக்கும். தனக்குப் பழகிய ஆள் வந்து துணியை எடுத்தால்தான் எழும்பும். பத்தக்குட்டி சாப்பிடப் போகும்போது தோணியில் சால்வையைப் போட்டுவிட்டுப் போவார். தோணிக்குக் கிட்ட ஒரு காகமும் வராது.

இந்தச் செம்பியைத்தான் நல்லரத்தினம் கேட்டான்.

நல்லரத்தினம் வேறு ஆள். பத்தக்குட்டியின் பெண்சாதி செத்தபோது முன்னுக்கு நின்று பாடை தூக்கியவன். அதற்குப் பிறகு அவர் சாப்பிடாமல் படுத்துக் கிடந்த நாட்களில் வந்து பக்கத்தில் குந்தியிருந்து, ஒன்றும் பேசாமல், சுருட்டுப் பற்றவைத்து நீட்டியவன். உலகத்தில் அவர் நம்பிய ஒரு ஆள் இருந்தான் என்றால் அவன்தான். மாரி வெள்ளாமைக்கு நிலபுலமுள்ள ஒரு போடியாரின் வயலில், கொக்கட்டிச்சோலைக்கும் அங்கால் இருந்த வயல்வட்டையில், காவலுக்கும் வேலைக்கும் போய் நிற்பான்.

"காட்டுப்பண்டி வந்து வயல அழிக்குது மச்சான். செம்பியத் தா. காவலுக்கு மட்டுமெண்டு நினைக்காத. வெள்ளாம வெட்டினா வீட்டுக்குக் கொண்டுவந்திருவன். சாகுமட்டும் எனக்கிட்டத்தான்."

"வீட்டுக்காரி அன்னப்பூரணி என்ன சொல்றாள்?"

"அவள் என்ன சொல்ல? நான் சொன்னாச் சரிதானே. உனக்கு என்னையும் நம்ப ஏலாதா?"

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பத்தக்குட்டி வெட்கப்பட்டார். மற்றவர்களுக்குப் போட்ட சட்டத்தை அவனுக்குப் போட வாய் வரவில்லை. அன்னப்பூரணியைக் கூட்டிவா என்று சொல்லாமல் நாயைக் கொடுத்தார். புது இடத்தில் மணம் பிடிபடாமல் அழும் என்று சால்வையையும் கொடுத்தார். துணி போட்டால் இருக்கும் என்கிற பழக்கத்தையும் சொல்லிக் கொடுத்தார். அவனையும் நாயையும் அவரே தோணியில் அக்கரை சேர்த்தார். செம்பி தோணியின் முன்னால் அணியத்தில் நின்று மூக்கை நீட்டிக்கொண்டு போனது.

வெள்ளாமை வெட்டி முடிந்து முதல் நெல்மூட்டையோடு நல்லரத்தினம் மேற்குத் துறைக்கு வந்தபோது பத்தக்குட்டி அவனைப் பார்க்கவில்லை. அவன் காலடியைப் பார்த்தார்.

"எங்கடா செம்பி?"

நல்லரத்தினம் மூட்டையை இறக்கிவைத்தான். தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான்.

"அத மட்டும் கேளாத மச்சான்."

"எங்க எண்டு கேட்டன்."

"பண்டி கிழிச்சுப்போட்டுது. ஒத்தப் பண்டி. நான் ஓடிப்போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. வரம்போரமா நானே கிடங்கு வெட்டித் தாட்டன். உன்ட சால்வையால சுத்தித்தான் தாட்டன்."

அவன் கண்ணில் தண்ணீர் இருந்தது. பத்தக்குட்டி அதைக் கண்டார். அவனுக்கு ஒரு சுருட்டு எடுத்துப் பற்றவைத்து நீட்டினார், முன்பு அவன் நீட்டியதுபோல. "சரி விடு. காவல்ல செத்திருக்கு" என்றார். அதற்குப் பிறகு தோணியில் ஏறுகிறவர்களிடம் அவர் அதைச் சொல்வதும் உண்டு. பண்டிக்கு முன்னால் நின்று செத்த நாய் என்று. சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருக்கும்.

சித்திரை வருஷப் பிறப்பு கிட்ட வந்தது. காத்தான்குடி முஸ்லிம் வியாபாரி உசனார், ஊருக்கு உசனார் காக்கா, தலையில் புடவைப் பொட்டலத்தோடு மேற்கே ஊர் ஊராகப் போய் விற்றுவிட்டுத் துறைக்குத் திரும்பினார். தோணியில் ஏற்கனவே ஆட்கள் இருந்தார்கள். தயிர்ச்சட்டியோடு புஸ்பம் என்றொரு பெண்ணும் இருந்தாள். உசனார் ஒரு காலைத் தோணியில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"பத்தக்குட்டி அண்ணன், உங்கட அந்தச் செம்பட்ட நாய், காது வெட்டுப்பட்டது, அங்க வட்டையில கிடக்கு."

"அது செத்துப்போச்சு காக்கா."

"செத்த நாயா என்னப் பாத்துப் பல்லக் காட்டினது?"

தோணியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பத்தக்குட்டி சிரிக்கவில்லை.

"எவடத்தில?"

"வாய்க்கால் முடியிற இடத்தில, மருதமரத்தடிக் குடில், அந்த வாடி. நல்லரத்தினம் காவலுக்கு நிண்ட வாடிதான். வெட்டு முடிஞ்சு ஒரு குஞ்சும் அங்க இல்ல. ஒரு துண்டு ரொட்டி எறிஞ்சன். எங்களுக்குத் தொடக்கூடாத சீவன்தான், ஆனா பசிக்கு அது தெரியுமா? திண்டுது. ஆனா கிடந்த துணிய விட்டு எழும்பல்ல. கோடு போட்ட சால்வை ஒண்டு. அதுக்குக் கிட்டப் போனாத்தான் உறுமுது. கிட்ட நிக்கிற மாட்டுப்பட்டிக்காரன் இடைக்கிட மோரும் சோறும் ஊத்துறானாம். இல்லாட்டி எப்பயோ முடிஞ்சிருக்கும்."

பத்தக்குட்டி தோணியிலிருந்து கரையில் இறங்கினார். பிறகு கம்பை உசனாரின் கையில் கொடுத்தார். அந்தக் கம்பை அவர் எவரையும் தொடவிட்டதில்லை.

"தாங்கிப் போ காக்கா. தோணியத் திருப்பி அனுப்பு."

"என்னகா இந்த மனிசன்!" என்று புஸ்பம் கத்தினாள். "இவருக்குத் தோணி விடத் தெரியுமோ தெரியாது. தயிர்ச்சட்டியோட நான் கவிழுறதா?"

"கவிழ்ந்தா சட்டி மிதக்கும், அதில ஏறிப் போ" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

வட்டை வெறும் ஒட்டாகக் கிடந்தது. வெட்டிய தாளடி காலைக் குத்தியது. தூரத்தில் மாடுகள் மேய்ந்தன. வாடியின் கூரையில் பாதி இறங்கியிருந்தது. அதற்குள், நிழலில்கூட இல்லை, நிழலுக்கு ஒரு முழம் தள்ளி வெயிலில், செம்பி கிடந்தது. துணி போடப்பட்ட இடம் அதுதான். துணியை இழுத்து நிழலுக்குக் கொண்டுபோக அதற்குத் தெரியாது, அல்லது அது செய்யாது.

விலா எலும்பு எண்ணலாம்போல் இருந்தது. அவரைக் கண்டதும் வாலை ஆட்டியது. எழும்பவில்லை.

"செம்பி, வா."

வால் ஆடியது. முனகியது. முன்னங்காலால் மண்ணைச் சுரண்டியது. எழும்பவில்லை.

தன் சால்வை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. விளிம்பில் செத்துப்போன பெண்சாதி தைத்த தையல் இருந்தது. பண்டி கிழிக்கவில்லை. கிடங்கு வெட்டவில்லை. சுற்றிப் புதைக்கவில்லை. துணியைப் போட்டு, "இரு" என்று சொல்லிவிட்டு, நெல்மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். நாய் பின்னால் வராமலிருக்க ஒரு கயிறுகூட அவனுக்குத் தேவைப்படவில்லை. கயிறு என்றால் கடித்தாவது அறுத்துக்கொண்டு வந்திருக்கும். வழியைச் சொல்லிக் கொடுத்தது பத்தக்குட்டிதான்.

குனிந்து சால்வையை எடுத்தார். செம்பி உடனே எழும்பியது, ஆடி விழுந்தது, திரும்ப எழும்பியது. வேலை முடிந்ததுபோல உடம்பை உதறியது.

துறைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தோணி திரும்பி வந்து நின்றது. கம்போடு நின்றவன் நல்லரத்தினம். அக்கரையில் உசனார் அவனிடம் சொல்லியிருக்கவேண்டும்.

பத்தக்குட்டி ஒரு சொல் சொல்வதற்கு முன் செம்பி ஓடியது. நடக்கவே வலு இல்லாத நாய் ஓடியது. நல்லரத்தினத்தின் காலைச் சுற்றியது, நக்கியது, மண்ணில் புரண்டு வயிற்றைக் காட்டியது, சின்னக் குட்டிபோலச் சத்தம் போட்டது. அவன் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான்.

"செத்ததுதானா எண்டு பாக்க வந்தியா?" என்றார் பத்தக்குட்டி.

"மச்சான், நான் சொல்றதக் கேளு."

"சால்வையால சுத்தித் தாட்டன் எண்டாய். இந்தா சால்வை. அண்டைக்கு அழுதியே, அது என்ன கண்ணீர்?"

"அன்னப்பூரணி ஏத்தமாட்டன் எண்டுட்டாள். கூப்பன் அரிசி, பிள்ளைகளுக்கே காணா. நாய் வந்தா நீயும் நாயும் வாசலுக்கு வெளிய எண்டாள். வீடு அவள்ட வீடு. நான் என்ன செய்ய?"

"கேக்க வந்த அண்டைக்கும் அது அவள்ட வீடுதான். ஊரில எல்லாரிட்டயும் பெண்சாதியக் கூட்டிவா எண்டு கேட்டன். உன்னட்டக் கேக்கல்ல. ஏன் கேக்கல்ல எண்டு தெரியுமா?"

நல்லரத்தினம் கம்பைத் தோணிக்குள் வைத்தான்.

"சரி, ஏலாமப் போச்சு. இந்தத் துறையாலதானே வந்தாய். நாயக் கொண்டுவந்து 'இந்தா பிடி' எண்டிருந்தா நான் உன்னக் கடிச்சிருப்பனா?"

"உன்ட முகத்தப் பாக்க ஏலாமக் கிடந்துது. சாகுமட்டும் எண்டு சொல்லித்தானே வாங்கினன். ரெண்டு நாள் பாத்துட்டு எழும்பி எங்கயும் போயிரும் எண்டு நினைச்சன் மச்சான். நாய்தானே."

"அது எழும்பல்ல. நீதான் எழும்பிப் போனாய்."

செம்பி அவன் காலில் சாய்ந்து படுத்துவிட்டது. நல்லரத்தினம் குனிந்து அதன் வெட்டுக் காதைத் தடவினான். "இப்பயும் எனக்கிட்டத்தான் வருது, பாரு. தா. அவளோட சண்டை பிடிச்செண்டாலும் வைச்சிருக்கிறன். இந்த முறை உண்மையா."

பத்தக்குட்டி பார்த்துக்கொண்டு நின்றார். நாயைக் கேட்டால் அது அவனோடுதான் போகும். அது சந்தோஷமாகப் போகும். அதில் அவருக்குச் சந்தேகமில்லை. அவன் வீட்டு வாசலில் சுருண்டு படுக்கும். அடுத்த மாரியில் திரும்பவும் எங்காவது ஒரு துணி விழும். திரும்பவும் படுத்துக் கிடக்கும். அதற்கு வஞ்சகம் தெரியாது. தெரியாத சீவனிடம் முடிவை விடக்கூடாது.

தோணியில் ஏறினார். தான் நின்று கம்பு ஊன்றும் இடத்தில், காலடியில், சால்வையை விரித்தார்.

"செம்பி. இரு."

நாய் நல்லரத்தினத்தைப் பார்த்தது. துணியைப் பார்த்தது. திரும்பவும் அவனைப் பார்த்தது. பிறகு எழும்பி மெல்ல வந்து, தோணி விளிம்பைத் தாண்டமுடியாமல் தடுமாறி, ஏறி, துணியில் படுத்தது.

நல்லரத்தினம் பின்னால் வந்து ஒரு காலைத் தோணியில் வைத்தான்.

"காலை எடு."

"மச்சான், நான் எப்படி அக்கரை போறது?"

"என்னட்டக் கேளாத. இந்தத் தோணியில நாய் ஏறும். நீ ஏறாய்."

கம்பை ஊன்றித் தள்ளினார். நல்லரத்தினம் கரையில் நின்றான். செம்பி தலையைத் தூக்கி அவனையே பார்த்துக்கொண்டு வந்தது. முதல் நாள் தண்ணீரில் நின்று தோணியைப் பார்த்த அதே பார்வை. பத்தக்குட்டி அக்கரை சேரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நாய் கேட்டு வந்தவர்களுக்குச் சட்டம் இன்னும் கடுமையாயிற்று. பெண்சாதி வந்து சொன்னாலும் போதாது. அவரே போய் வாசலைப் பார்ப்பார், கொடுத்த பிறகும் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்ப்பார், சரியில்லை என்றால் சத்தம் போட்டு நாயைக் கூட்டிக்கொண்டு வருவார். "இது என்ன, பெண் குடுத்த மாதிரிப் பாக்கிறீங்க" என்று சிரிப்பார்கள். "பெண்ணுக்கு வாய் இருக்கு" என்பார்.

செம்பியை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. அதன் சால்வையையும் தோணியிலிருந்து எடுக்கவில்லை. அது தானாக எழும்பித் திரியவேண்டும் என்று பிறகு மெல்ல மெல்லப் பழக்கினார். வெளியே இறங்கித் திரியும், ஆனால் வந்து படுப்பது அதில்தான். நைந்துபோனபோது அதன் மேலேயே வேறொன்றை விரித்தார். கடைசிக் காலத்தில் அதற்குக் கண் மங்கிவிட்டது. சோற்றைக் கையில் பிசைந்து ஊட்டினார்.

நல்லரத்தினம் வேறு தோணியில் போய் வந்தான். துறையில் அவன் யாரோடாவது பேசுகிற சத்தம் கேட்டால் செம்பியின் வெட்டுப்படாத காது நிமிரும், வால் பலகையில் மெல்ல அடிக்கும். கண் தெரியாமல் போன பிறகும் அடித்தது. பத்தக்குட்டி இடையில் வந்து நின்று மறைத்துக்கொள்வார். மறைத்தாலும் வால் நிற்கவில்லை.