வழக்குக் கட்டோடு போன கடிதம்

வாய்தாவுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. ஸ்கேனர் கடைசித் தாளைத் துப்பியதும் தாளுக்கு ஒன்றாக வந்த பதினேழு கோப்புகளையும் மொத்தமாகக் குரல் மென்பொருளில் போட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன். என் வீட்டுக்காரர் வக்கீல். இரண்டு வருடமாகப் பார்வை இல்லை. அவருடைய வழக்குக் கட்டுகளை அப்படியே ஸ்கேனரில் கொடுத்துக் கணினியைப் படிக்க வைப்பது என் காலை வேலை. படித்து முடித்த கோப்புகள் தானாகவே அவர் போனுக்குப் போய்விடும். படிக்கிற குரலுக்கு அவர் வைத்த பெயர் ‘அந்தம்மா’. கொலை வாக்குமூலமோ வாடகை ஒப்பந்தமோ, அந்தம்மாவுக்கு எல்லாம் ஒன்றுதான். மனுஷன் அவளை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார். மூச்சு விடாமல் பேசுகிற பெண்பிள்ளை இந்த வீட்டில் நான் மட்டும் இல்லை என்று எனக்கும் ஒரு ஆறுதல்.

திரும்பி வந்து தாள்களை அடுக்கிக் கட்டும்போதுதான் பார்த்தேன். நடுவில் கண் மருத்துவமனையின் கடிதம்.

அது வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னொரு அறுவை சிகிச்சையால் பயனில்லை, பார்வை திரும்பாது என்று நான்கே வரியில் எழுதியிருந்தார்கள். அந்த அறுவை சிகிச்சையை நம்பித்தான் மனுஷன் பழைய மேசை விளக்கைக்கூடத் தூக்கிப்போட விடாமல் வைத்திருக்கிறார். பதில் வந்ததா என்று அவர் கேட்டபோதெல்லாம், வரவில்லை என்று வாய் கூசாமல் சொன்னேன். நல்ல நேரம் பார்த்து நானே சொல்லத்தான் இருந்தேன், சத்தியமாக. பீரோவில் பூட்டியிருக்கலாம். பார்வை இல்லாதவர் முன்னால் ஒரு காகிதத்தை ஒளிக்கத் தனியாக இடம் வேண்டுமா என்ற மெத்தனம். அவர் மேசையிலேயே, கைக்கு அகப்பட்ட கட்டுக்குள் செருகிவிட்டேன்.

ஓடினேன். அவர் காதில் இயர்போனோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மேசையிலிருந்த போனைப் பார்த்தேன். பதினொன்றாவது கோப்பு ஓடிக்கொண்டிருந்தது. கடிதம் பதினான்காவது. போன உயிர் திரும்பி வந்தது. அதை அழிக்கப் போனை மெல்ல எடுத்தேன். இயர்போன் கம்பி இழுபட்டது.

“அத அழிக்காத,” என்றார். “கேட்டாச்சு. அதுக்கப்புறம் எதுலயும் மனசு ஓடல. சும்மா பழசையே திரும்பப் போட்டு வச்சிருக்கேன்.”

எப்போது சொல்வதாக இருந்தாய் என்று கேட்டார். இந்த வழக்கு முடிந்ததும் என்றேன். போன வழக்கின்போதும் அப்படித்தான் நினைத்திருப்பாய் என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

“தப்புதாங்க,” என்றேன்.

“அத விடு. மூணு தடவ கேட்டேன். வேகத்தக் குறைச்சும் கேட்டுப் பாத்துட்டேன். வேற யாருக்கோ வந்த கடுதாசி மாதிரியே இருக்கு.” இயர்போனைக் கழற்றி வைத்தார். “நீ படி.”

தாளை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பெயரைப் படித்தேன், வயதைப் படித்தேன். முதல் வரி எப்படியோ வந்துவிட்டது. இரண்டாவது வரியில் நின்றுவிட்டேன். கையில் தாள் படபடத்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. சத்தம் வந்த பக்கம் கையை நீட்டித் துழாவி, தாளின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். தாளை இரண்டு பேருமாகப் பிடித்தபடி இருக்க, இரண்டாவது வரியை நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.