நலம் விசாரித்த பில்

வழக்கில் தோற்றதைப் பெயிண்டர் ஒருவாறு தாங்கிக்கொண்டார். வக்கீலின் பில் வந்த அன்றுதான் தோற்றது உறைத்தது.

ஏணி சறுக்கியது இரண்டு வருடத்துக்கு முன். பத்தடி உயரத்திலிருந்து வலது தோள் தரையில் மோத விழுந்து கிடந்தவரிடம் மேஸ்திரி ஓடிவந்து, "என்னய்யா ஆச்சு?" என்று கேட்டார். பெயிண்டர் கிடந்தபடியே, "ஒண்ணுமில்லீங்க. நீங்க சாப்டாச்சா?" என்றார். பிறவிக் குணம். காலில் கல் விழுந்தால் கல்லுக்கு வலித்ததா என்று விசாரிக்கிற ஆள். மேஸ்திரி அந்தப் பதிலை விபத்துப் பதிவேட்டில் ஓர் எழுத்து விடாமல் எழுதிவைத்தார். நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கு பதினாலு மாதம் நடந்து, கடைசியில் நீதிபதி அந்தப் பதிவேட்டை வாசித்தார். நிஜமாக அடிபட்டவன் அடுத்தவன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கமாட்டான் என்பது தீர்ப்பின் சாரம். கை தோளுக்கு மேலே எழும்பாது என்ற டாக்டர் சான்றிதழ் அந்தச் சாப்பாட்டின் முன் எடுபடவில்லை.

இப்போது பெயிண்டருக்கு மிஞ்சியவை ஒரு பழைய ஸ்கூட்டரும், அதில் ஹார்டுவேர் கடையின் சின்னச் சின்ன டப்பாக்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும்தான். பில்லைக் கட்ட ஸ்கூட்டரை விற்கவேண்டும். ஸ்கூட்டர் போனால் வேலையும் கூடவே போய்விடும்.

பில் நான்கு பக்கம். மனைவி சத்தமாகப் படித்தாள்.

"'தொலைபேசி ஆலோசனை, பதினைந்து நிமிடம்.' மறுபடி, 'தொலைபேசி ஆலோசனை, பதினைந்து நிமிடம்.' முப்பத்தோரு தடவை வருது. அப்படி என்னங்க ஆலோசனை கேட்டீங்க?"

"நான் எங்க கேட்டேன்? எப்படி இருக்கீங்க சார், பிள்ளைங்க நல்லாப் படிக்கறாங்களா, காய்ச்சல்னு சொன்னீங்களே விட்டுச்சான்னு..."

"காய்ச்சல் அவருக்கு, பில்லு நமக்கா?"

"கேக்காம விட்டா தப்பா நெனைப்பாரேன்னுதான்."

"இப்ப ரொம்ப நல்லபடியா நெனைச்சிருக்காரு. நாலு பக்கத்துக்கு!"

மறுநாள் பெயிண்டர் வக்கீல் அலுவலகத்தின் மாடிப்படி ஏறினார். மேசை, மூன்று நாற்காலி, கயிறு கட்டிய கோப்புகள், பத்து வருடமாகத் தூரிகையே படாத பழுப்புச் சுவர்கள். இந்த முறை எவர் நலத்தையும் விசாரிக்காமல் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"ஜெயிச்சா ஃபீஸ், இல்லாட்டி பாத்துக்கலாம்னு சொன்னீங்களே சார்?"

"பாத்துக்கலாம்னு சொன்னேன். வேணாம்னு சொன்னேனா? இப்பப் பாத்திருக்கேன்."

"வண்டிய வித்தா எனக்குப் பொழப்பே போயிரும் சார்."

வக்கீல் நாற்காலியில் சாய்ந்து சுவரைச் சுற்றிப் பார்த்தார். "ஒண்ணு பண்ணு. இந்த ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சுக் குடு. பெயிண்ட் நான் வாங்கிப் போடறேன். பில்லைக் கிழிச்சுடலாம்."

"கை தோளுக்கு மேல போகாதே சார். கோர்ட்ல நீங்கதான வாதாடினீங்க?"

"வாதாடினேன், கோர்ட்டு நம்பலையே! தீர்ப்புப்படி உன் கை நல்லாத்தான்யா இருக்கு."

பெயிண்டருக்குக் கோபம் வந்தது. அதுவும் தோள் வரைதான் வந்தது, அதற்கு மேல் எழும்பவில்லை. ஸ்கூட்டரை நினைத்துக்கொண்டு சரி என்றார்.

ஞாயிறும் திங்களும் வேலை நடந்தது. உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பார்த்து, இரண்டு கோட். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமை காலை கதவைத் திறந்த வக்கீல் வாசலிலேயே நின்றுவிட்டார். நான்கு சுவரும் தோள் உயரம் வரை பளீரென்று வெள்ளை. அதற்கு மேலே, நூல் பிடித்த மாதிரி நேராக, பழைய பழுப்பு ஆரம்பித்தது.

"என்னய்யா இது? மேல?"

"மேல இருக்கறதெல்லாம் மேல்முறையீடு சார்," பெயிண்டர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னார். "அதுக்குத் தனி ஃபீஸ்."

வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணிக்குக் கட்சிக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

"பாதிச் சுவருக்குப் பாதி பில்லு. மிச்சத்தை இருபத்துநாலு மாசத்துல கட்டு. போ."

"எழுதிக் குடுங்க சார்."

"என்னது?"

"பாத்துக்கலாம்னு வேணாம். எழுதிக் குடுங்க."

வக்கீல் முறைத்தார். பெயிண்டர் நகரவில்லை. கடைசியில் காகிதம் வந்தது. அதை இரண்டு தடவை படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினார். ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றிருந்த மனைவி காகிதத்தை வாங்கிப் படித்தாள்.

"இருபத்துநாலு மாசமா? கேஸே பதினாலு மாசந்தான ஓடுச்சு!"

"வண்டி நம்மகிட்டதான் இருக்கு."

"இருக்கு, இருக்கு. பின்சக்கரம் நமக்கு, முன்சக்கரம் அவருக்கு. ஏறுங்க."

பெயிண்டர் கிக்கரை ஓர் உதை உதைத்தார். கிளம்பவில்லை. மாடி ஜன்னலை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு இரண்டாவது உதை விட்டார். வண்டி உடனே கிளம்பிவிட்டது.