மஞ்சள் தண்ணீர் தெளித்த பஸ்

தொண்டைமானாற்றுக் கரையில் புறப்படும்போதே காலை பஸ் பாதி நிறைந்துவிடும். ஏறுகிறவர்கள் எல்லாரும் மீன் விற்கும் பெண்கள். நெல்லியடிச் சந்தைக்குப் போகும் மீன் நிறைந்த பனையோலைக் கடகங்களைப் பின்பக்கம் அடுக்கிவிட்டு, சேலைத் தலைப்பால் முகம் துடைத்துக்கொண்டு இருப்பார்கள். நடுவழியில், வயலும் தோட்டமும் செய்கிற கமக்காரர் ஊரில் கமலாவதி ஏறுவாள். நெல்லியடிப் பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.சி. வகுப்பு படிக்கிறவள். அவ்வளவு தூரம் போய்ப் படிக்கிற பெண்பிள்ளை அந்த ஊரில் அவள் ஒருத்திதான். நல்லம்மா என்ற மீன்காரி யன்னலோர இடமொன்றை அவளுக்கென்று பிடித்துவைத்து, "இதிலை இரு பிள்ளை" என்பாள்.

கமலாவதியின் தகப்பன் தம்பிஐயா ஊர் முன்னேற்றச் சங்கத்தின் காரியதரிசி. மனுவுக்கு மேல் மனு எழுதி அந்த பஸ்ஸை ஊருக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். தாயில்லாத பிள்ளையை ஒரு ரீச்சராக்கிப் பார்த்துவிட வேண்டுமென்பது அவருடைய ஒரே ஆசை. பஸ் இருந்தால்தான் படிப்பு. தானே நடத்திக் கூட்டிப்போகலாமென்றால் அவருக்கு முழங்கால் வாதம். கார் பிடிக்க வசதி இல்லை. குமர்ப்பிள்ளையைத் தனியே நடக்கவிட்டால் ஊர் வாய் சும்மா இருக்காது.

அறுபத்திரண்டாம் ஆண்டு தை மாதம் டிப்போ மனேஜர் ஆழ்வாப்பிள்ளை அவரைக் கூப்பிட்டுப் பேசினார். பஸ் பாதிதான் நிறைகிறதாம். பங்குனி முடிவதற்குள் ஆட்களைக் கூட்டாவிட்டால் அதை வேறு பாதைக்கு மாற்றவேண்டி வருமாம்.  தம்பிஐயா திரும்பி வந்த கையோடு வீடு வீடாய் ஏறி இறங்கி, நீங்கள் ஏன் பஸ்ஸில் போவதில்லை என்று விசாரித்தார்.

எல்லா வீட்டிலும் ஒரே பதில். மீன் நாற்றமாம். "அவளவை இருந்த சீற்றிலை நாங்கள் போய் இருக்கிறதோ?" என்று கேட்டார் புகையிலைத் தோட்டக்காரர் கனகசபாபதி. சந்தையில் அதே பெண்களிடம் பேரம் பேசி வாங்கிய மீன் அந்த நேரம் அவருடைய அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. சட்டிக்குள் மணக்கிற மீன் பஸ்ஸுக்குள் மட்டும் நாறுமாம்! இதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டிய தம்பிஐயா தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். மீன்காரிகளை இறக்கினால் ஊரே ஏறும் என்று கணக்குப் போட்டார். பஸ்ஸில் அந்தப் பாதியை நிறைத்தவர்களே அவர்கள்தான் என்பது அவருக்கு உறைக்கவில்லை. அவர் கணக்கில் அவர்கள் ஆட்களே அல்லவே.

கொண்டக்டர் ஊர்ப் பொடியன். தம்பிஐயா சொன்னதை மனேஜருக்குத் தெரியாமல் செய்ய ஒப்புக்கொண்டான். மாசியில் ஒரு திங்கட்கிழமை காலை ஊர்ச் சந்தியில் பஸ்ஸை நிறுத்தி, பெண்களைக் கடகங்களோடு இறக்கினார்கள். பிறகு தம்பிஐயா செம்பும் வேப்பிலையுமாய் ஏறி, சீற்றுச் சீற்றாக மஞ்சள் தண்ணீர் தெளித்தார். நாவூறு கழிய, பஸ் உருளும்போது நசியட்டுமென்று சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்தார்கள். தெருவோரம் நின்று பார்த்த நல்லம்மாவின் முகம் கறுத்துப்போயிற்று.

"ஐயா, நாங்களும் காசு குடுத்துத்தானே வாறம்?"

"இனி மீன் கடகம் ஏத்துறேல்லை. நடந்து போங்கோ. உங்களுக்கு நடந்து பழக்கம்தானே."

கமலாவதி தகப்பனின் கையைப் பிடித்து, அவர்களை ஏற்றும்படி மெல்லக் கெஞ்சினாள். எல்லாம் உனக்காகத்தான் என்று அவர் அவளை அதட்டி, நல்லம்மாவின் யன்னலோரத்திலேயே இருத்தினார். மஞ்சள் ஈரம் அவளுடைய வெள்ளைச் சட்டையில் பிடித்துக்கொண்டது.

முதல் வாரம் ஊர்ப் பெரியவர்கள் சால்வையோடு ஏறிப் பவனி போனார்கள். இரண்டாம் வாரம் பாதிப்பேர் கழன்றுகொண்டார்கள். தெருவோரத்தில் கூலியாட்களைப் போல் பஸ்ஸுக்குக் காத்து நிற்பது மரியாதை இல்லையாம். வீட்டில் சைக்கிள் சும்மாதானே கிடக்கிறதாம். மீன் நாற்றம் போனபிறகும் அவர்களுக்குச் சாட்டுக்குப் பஞ்சமிருக்கவில்லை. மாசி முடிய பஸ்ஸில் தகப்பனும் மகளும், இன்னும் இரண்டொருவரும் மட்டும் மிஞ்சினார்கள். உள்ளதும் போச்சு நொள்ளைக் கண்ணா என்ற கதைதான்.

மீன்காரிகள் நடந்தார்கள். பங்குனி வெயிலில் தார் உருகிக் காலில் ஒட்டியது. சந்தைக்குப் போய்ச் சேருமுன் மீன் நைந்துவிடும். நைந்த மீனை அடிமாட்டு விலைக்குக் கேட்டவர்களும் அதே ஊர்க்காரர்தான்.

மனேஜர் நெல்லியடியில் நின்று ஆள் எண்ணுவதாகச் சொல்லியிருந்த நாள் வந்தது. வழியில் நல்லம்மா தெருவில் மயங்கிக் கிடந்தாள். கடகம் கவிழ்ந்து மீன் மண்ணில் சிதறியிருந்தது. கூட வந்த பெண்கள் தெருவின் நடுவில் நின்று இரண்டு கையையும் காட்டினார்கள். சாரதி பஸ்ஸை மெதுவாக்கினான். கொண்டக்டர் தம்பிஐயாவைப் பார்த்தான்.

"அப்பா, நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்றாள் கமலாவதி.

உள்ளே முழுவதும் வெறும் சீற்றுகள். ஆனாலும் மீன் மணம் திரும்ப ஏறினால் எல்லாம் பாழாகிவிடும் என்றுதான் அந்த மனிதருக்குப் பட்டது. "மனேஜர் பாத்துக்கொண்டு நிக்கிறார். விடு" என்றார். பெண்கள் ஓரமாய் ஒதுங்க, பஸ் நல்லம்மாவைச் சுற்றிக்கொண்டு போயிற்று. சிதறிக் கிடந்த மீன் சில்லில் நசிந்தது.

நெல்லியடியில் ஆழ்வாப்பிள்ளை பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். மீன்காரப் பெண்கள் எங்கே என்று கேட்டார். தம்பிஐயா தன் திட்டத்தைச் சற்றுப் பெருமையோடுதான் சொன்னார். மனேஜர் வெறும் சீற்றுகளை விரலால் எண்ணிக் காட்டினார்.

"நான் ஆக்களைக் கூட்டச் சொன்னனான். நீங்கள் இருந்த ஆக்களையும் இறக்கிப்போட்டுச் சாதியை ஏத்தியிருக்கிறியள். சாதி ரிக்கற் எடுக்காது, தம்பிஐயா."

கொண்டக்டருக்கு வேலை போயிற்று. மாதக் கடைசியில் பஸ்ஸும் நின்றது.

கமலாவதி புத்தகங்களோடு வீட்டிலிருந்தாள். ஊரில் ஒருவரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்புப் போதும் என்று கனகசபாபதி சொல்லியனுப்பினார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த தம்பிஐயா, ஒருநாள் விடியற்காலை மகளைப் பள்ளிக்கூடச் சட்டையோடு கூட்டிக்கொண்டு சந்திக்கு வந்தார். வரிசையாய் நடந்துவந்த மீன்காரிகளின் முன்னால் போய் நின்றார். தெருவில் விழுந்த நாளிலிருந்து நல்லம்மா ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாள்.

"நல்லம்மா, பிள்ளையையும் உங்களோடை கூட்டிக்கொண்டு போங்கோ. உங்களை விட்டால் எனக்கு வேறை துணை இல்லை."

நல்லம்மா கமலாவதியை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு கணம் அவள் கண் கலங்கியது. பிறகு கடகத்தைத் தலையில் சரிசெய்துகொண்டாள்.

"வேண்டாம் ஐயா. எங்கடை மணம் பிள்ளையின்ரை சட்டையிலை ஒட்டிப்போடும். பிறகு உங்கடை ஊர் பிள்ளைக்கும் மஞ்சள் தண்ணி தெளிக்கும்."

அவர்கள் விலகி நடந்தார்கள். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பிஐயா தெருவில் நின்று அழுதார். கமலாவதி அழவில்லை. புத்தகங்களைத் தகப்பனின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"அண்டைக்கு அவையை இறக்கேக்கை என்னையும் சேத்துத்தான் இறக்கினியள் அப்பா. மற்றவையை இறக்கிப்போட்டு நாங்கள் மட்டும் போய்ச் சேர உலகத்திலை ஒரு பஸ்ஸும் இல்லை."