புதன்கிழமைப் பந்தி

2024 ஆகஸ்ட் 10, இரண்டாம் சனிக்கிழமை, முற்பகல் பத்தரை மணி. சூலூரை அடுத்த தோழமை இல்லத்தின் அறங்காவலர் குழு கூடவேண்டிய நேரம் அது. குழுவில் இருப்பவர்கள் ஒன்பது பேர். கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் ஐவராவது வந்திருக்க வேண்டும்; அதுதான் கோரம். வந்தவர்கள் இருவர்: தலைவர் சீனிவாசலு, செயலாளர் வெங்கடலட்சுமி. ஆள் குறைந்து கூட்டம் கலைவது தொடர்ந்து இது மூன்றாவது முறை. மூன்று முறை இவ்வாறு நேர்ந்தால், கூட்டத்துக்கு வந்தவர்களே அறுபது நாள்களுக்குள் குழுவைத் திருத்தி அமைக்க வேண்டும். இயலாவிட்டால் இல்லத்தை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று இல்லத்தின் ஆவணம் சொல்கிறது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அந்த விதியைத் தம் கையால் எழுதிச் சேர்த்தவர் வெங்கடலட்சுமியேதான்.

பதினொன்றேகால் வரை காத்திருந்தார்கள். மேசையில் ஒன்பது கோப்பைத் தேநீர் ஆறிக் கிடந்தது.

"ஆளுக்கு நாலரை டீ குடிச்சுப்போட்டா கோரம் ஆயிருமாங்க அம்மணி?" என்றார் சீனிவாசலு. எழுபத்தெட்டு வயது, எதற்கும் சிரிக்க வைத்துவிடுவார். அன்று அவருக்கே சிரிப்பு வரவில்லை.

"எல்லாருமே வாரேன்னுதான் சொன்னாங்கண்ணா. ஒருத்தர்கூட முடியாதுன்னு சொல்லல."

"அதாஞ் சிக்கல். மரியாதைக்காக வாரேன்னு சொல்றதும், மரியாதைக்காகச் சேர்றதும். நம்ம குழுவுல முடியாதுன்னு சொல்லத் தெரிஞ்சவங்க ஒருத்தங்கதான் இருந்தாங்க. அவுங்களுக்கு நாம சால்வை போத்தி அனுப்பிச்சுப்போட்டோம்."

வெங்கடலட்சுமி நடவடிக்கைப் புத்தகத்தைத் திறந்து, "போதிய உறுப்பினர் வராமையால் கூட்டம் நடைபெறவில்லை" என்று எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிட்டார். எழுத்து வழக்கம்போலக் கோடு பிறழாமல் விழுந்தது.

இல்லத்தில் இருபத்தாறு பேர் வாழ்கிறார்கள். எல்லாரும் வயது வந்தவர்கள். அறிவுசார் குறைபாட்டோடு பிறந்தவர்கள். அவர்களுள் ஒருத்தி மேக்னா, முப்பத்து நான்கு வயது, வெங்கடலட்சுமியின் ஒரே மகள். வெங்கடலட்சுமிக்கு அறுபத்தாறு நடக்கிறது. கணவர் இல்லை. கூடப் பிறந்தவர்களின் பிள்ளைகள் வெளிநாட்டில். தமக்குப் பின் மேக்னாவை யார் பார்ப்பார் என்ற ஒரு கேள்விக்கு விடையாகத்தான் இந்த இல்லத்தையும் இந்தக் குழுவையும் அவர் கட்டினார். ஆகவே குழுவில் ஒரு நாற்காலி காலியானால் மற்றவர்களுக்கு அது நிர்வாகம். அவருக்கு அது தம் மகளின் தலைமாட்டில் ஓர் ஆள் குறைவது.

அவரோடு சேர்ந்து இல்லத்தைத் தொடங்கியவர் உம்மல் குல்சும். கோயமுத்தூர் கோட்டைமேட்டில் சாக்கு வியாபாரம் செய்யும் குடும்பம். குல்சுமின் மகன் தல்ஹாவும் இல்லத்தில்தான் இருந்தான். ஒருத்திக்கு எழுத்தும் விதியும். மற்றவளுக்கு ஆள் பார்க்கும் கண். குழுவில் சேர விரும்பும் எவரும் முதலில் ஒரு புதன்கிழமை வந்து, பிள்ளைகளோடு பந்தியில் தரையில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்பது குல்சும் வைத்த ஏற்பாடு. விசேஷ நாளில் வரக்கூடாது. சோறு, ரசம், ஒரு பொரியல், அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவன் எச்சில் கையால் தொடுவான்; எதிரில் இருப்பவள் அழுவாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தவர்களையும், படம் எடுத்துக்கொண்டு எழுந்தவர்களையும் குல்சும் வாசல்வரை வந்து அன்பாக வழியனுப்பி வைத்துவிடுவார். அவர்களுடைய பெயர் பிறகு கூட்டத்திற்கு வராது. இப்படித் தேறி வந்தவர்கள் கொஞ்சம் பேர். ஆனால் வந்தவர்கள் கடைசிவரை இருந்தார்கள். முதுமையும் சாவும்தான் அவர்களைப் பிரித்தன.

அந்த ஏற்பாட்டை உடைத்தவர் வெங்கடலட்சுமி. பழைய உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் குறையக் குறைய அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பம்ப்செட் தொழிற்சாலை நடத்தும் அபிலாஷ், உறவு வழியில் தெரிந்தவர், குழுவில் சேரச் சம்மதித்தார். கூடவே தம் நண்பர்கள் ஆறு பேரையும் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். புதன்கிழமைக்கு மட்டும் அவருக்கு நேரம் வாய்க்கவே இல்லை.

"தம்பி, ஒருக்கா வந்து எங்க பசங்களோட சோறு தின்னுபோட்டுப் போங்க. அப்பறம் கையெழுத்துப் போட்டுக்கலாமுங்க" என்றார் குல்சும், குழுக் கூட்டத்தில், அத்தனை பேர் நடுவில்.

அபிலாஷ் சிரித்தார். "சாப்பாட்டுல பரீட்சை வைக்கிறீங்களா ஆன்ட்டி?"

"ஆமாங்க தம்பி. பாஸ் பண்றது லேசு. உட்கார்ந்தா போதும்."

மறுநாள் அபிலாஷ் வெங்கடலட்சுமியைத் தொலைபேசியில் அழைத்தார். குரல் உயரவில்லை, மனவருத்தம் என்று மட்டும் சொன்னார். 2023 ஏப்ரலில் குல்சுமுக்குப் பாராட்டு விழா நடந்தது. கௌரவ ஆலோசகர் என்று ஒரு பட்டம், ஒரு சால்வை, ஒரு குழுப் படம். ஆலோசகருக்குக் கூட்டத்தில் வாக்கு இல்லை. சால்வையைப் போர்த்தியது வெங்கடலட்சுமியின் கை. குல்சும் குனிந்து வாங்கிக்கொண்டு, "சரிங்கக்கா" என்றார். அபிலாஷும் நண்பர்களுமாக அன்று படத்தில் நிறைந்திருந்த ஏழு பேரைப் பிறகு ஒரே கூட்டத்தில் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அந்த நவம்பரில் தல்ஹாவுக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனையில் நான்கு நாள் கிடந்தான். ஐந்தாம் நாள் இறந்துபோனான். முப்பத்தொரு வயது. செய்தி வந்தபோது வெங்கடலட்சுமி காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். சால்வை போர்த்தி வெளியேற்றியவள் எந்த முகத்தோடு அந்த வாசலில் போய் நிற்பது என்ற எண்ணம் வந்தது, இறங்கிவிட்டார். நாளை போகலாம் என்றார். நாளைகள் பத்து ஆயின. பிறகு இல்லத்தின் முகவரித்தாளில், பிழையின்றி, இரங்கல் தீர்மானம் ஒன்றைத் தட்டச்சு செய்து பதிவுத் தபாலில் அனுப்பினார். குல்சும் கையொப்பமிட்ட ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அதைத் தேதி வரிசைப்படி கோப்பில் சேர்த்துவிட்டார்.

கூட்டம் கலைந்த மூன்றாம் நாள், திங்கட்கிழமை, வெங்கடலட்சுமி கோட்டைமேட்டுக்குப் போனார். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார்: முதலில் மன்னிப்பு, அடுத்து விளக்கம், அதன்பின் வேண்டுகோள். குல்சும்தான் கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார்.

"வாங்கக்கா. இந்த வெயில்லயா வந்தீங்க? உள்ள வாங்க."

தண்ணீரைக் குடித்து முடித்ததும் வெங்கடலட்சுமி தொடங்கினார். "குல்சும், உனக்குச் சால்வை போத்தினமே, அது நான் செஞ்ச பெரிய தப்பு. அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

குல்சும் விழித்தார். "சால்வைங்களா? எந்தச் சால்வைங்கக்கா?" நினைவு வந்ததும் முகத்தில் ஒரு சிறு சிரிப்பு ஓடியது. "அட, அதுங்களா! என்ற மக பிரசவத்துக்கு வந்தப்ப அதுலதானுங்க தூளி கட்டினோம். நல்ல கெட்டித் துணி."

"உனக்குக் கோவம் இல்லியா?"

"இருந்துச்சுங்க. பொய் சொல்ல மாட்டேன். தல்ஹா மவுத்தானப்ப அதெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல." குல்சும் சேலை முந்தானையைச் சுருட்டினார், பிரித்தார். "அன்னிக்கு அவன எடுக்கற வரைக்கும் உங்களத்தானுங்க பாத்துட்டிருந்தேன். அப்பறமும் பத்து நாளு வாசல்ல எந்தக் காரு நின்னாலும் எந்திரிச்சுப் போயிப் பாப்பேன். என்ற ஊட்டுக்காரரு சொல்வாரு, அக்காவுக்கு வேலை சாஸ்தி, வந்துருவாங்கன்னு. பதினொண்ணாம் நாளு தபால்காரரு வந்தாரு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டேனுங்க."

வெங்கடலட்சுமியின் கையிலிருந்த தாளில் இதற்கு ஒரு வரியும் இல்லை. ஓராண்டுக்கு மேலாக எந்தக் குற்றத்தைச் சுமந்து அவர் இந்த வாசலைத் தவிர்த்தாரோ, அந்தக் குற்றம் இந்த வீட்டில் யாருக்கும் நினைவில்லை. அதற்கு அஞ்சி வராமல் இருந்ததே இங்கே நினைவில் நின்ற குற்றம். மடியில் தாளை நான்காக மடித்தார், எட்டாக மடித்தார்.

"என்னை மன்னிக்க வேண்டாம், குல்சும். ஆனா குழுவுக்குத் திரும்பி வா. இன்னும் ரெண்டு மாசத்துல இல்லம் கைமாறிப் போயிரும். ஆள் பார்க்க உன்னைவிட்டா யாருமில்ல."

குல்சும் மெல்லச் சொன்னார். "கோவத்துல சொல்றேன்னு நெனைக்காதீங்கக்கா. என்னால ஆவாதுங்க. நான் போனதுக்கப்பறம் என்ற பையன எவன் பாப்பான்னு பயந்து பயந்துதானுங்க ஒவ்வொருத்தரையும் சோறு போட்டுப் பாத்தேன். அந்தப் பயந்தான் எனக்குக் கண்ணு. இப்ப அந்தப் பயம் போயிருச்சு. பயமில்லாதவ எப்படீங்க ஆளு பாக்கறது? அந்தப் பந்தியில உட்கார்ந்தா, இருக்கற தட்டெல்லாம் உட்டுப்போட்டு இல்லாத ஒரு தட்டத்தான் தேடுவேன்."

"என்ற மேக்னாவுக்கு?" என்றார் வெங்கடலட்சுமி. அந்தக் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"உங்களுக்குத்தான் பயம் இருக்குதுல்லங்க. நீங்களே பாருங்க. புதன்கிழமை போயி உட்காருங்க." குல்சும் தயங்கினார். "கேக்கறேன்னு வருத்தப்படாதீங்கக்கா. பத்தொம்பது வருசத்துல ஒரு நாளாச்சும் உட்கார்ந்திருக்கீங்களா?"

உட்கார்ந்ததில்லை. புதன்கிழமைகளில் அவர் அலுவலக அறையில் கதவைச் சாத்திக்கொண்டு குறிப்பு எழுதுவார். ஞாயிறுதோறும் மேக்னாவைக் காந்திபுரத்து ஓட்டலுக்கு அழைத்துப்போய், மூலை மேசையில், பூரி வாங்கிக் கொடுப்பார். அங்கே மேக்னா அவருடைய மகள். பந்தியில் அவள் இருபத்தாறு பேரில் ஒருத்தி. அதைக் கண்ணால் பார்க்க அவருக்குத் துணிவு இருந்ததில்லை.

வாசலில் செருப்பை மாட்டியபோது, "தபாலுக்குப் பதில் எழுதலீங்க. என்ன எழுதறதுன்னு தெரியல" என்றார் குல்சும்.

ஆகஸ்ட் 14, புதன்கிழமை. பந்தி விரித்த கூடத்துக்குள் வெங்கடலட்சுமி நுழைந்ததும் சமையல்காரி சின்னத்தாயி கரண்டியோடு ஓடிவந்தாள். "ஏனுங்கம்மா, ஆபீசுக்கே கொண்டாந்து தாரேனுங்களே!"

"வேண்டாம். எனக்கும் இங்கயே ஒரு தட்டு வை."

மேக்னாவின் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே உட்காரப்போனார். மேக்னா அந்த இடத்தின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"இது குல்சும்மா இடம்."

"குல்சும்மா வரமாட்டாங்க கண்ணு. அம்மா உட்காரட்டுமா?"

மேக்னா தாயை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் ஏதும் இல்லை. ஒழுங்கு தவறியவரைத் திருத்தும் பொறுமைதான் அவள் முகத்தில் இருந்தது. அது தாயிடம் கற்றது. "இன்னிக்குப் புதன்கிழமை. அம்மா ஞாயித்துக்கிழமை" என்றாள்.

சின்னத்தாயி தலையைத் திருப்பிக்கொண்டாள். வெங்கடலட்சுமி எதிர்வரிசைக்குப் போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மேக்னாவின் மறுபுறத்தில் அரங்கசாமி என்பவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் மேக்னாவுக்கும் நடுவில் குந்தியிருந்த ஒரு பெண், மேக்னாவின் ரசச் சோற்றிலிருந்து கறிவேப்பிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள்.

"ஏன் அதை எடுக்கறீங்க?"

"இந்தப் புள்ளைக்குத் தொண்டையில சிக்கிக்குமுங்க. ரெண்டு தடவ பொறையேறி முழி பிதுங்கிப்போச்சு. நீங்க ஆபீசு அம்மாங்களா?"

ஆம் என்றார். மேக்னாவின் தாய் என்று சொல்ல வாய் எழவில்லை. தம் மகளுக்குக் கறிவேப்பிலை தொண்டையில் சிக்கும் என்பது அவருக்குத் தெரியாது. பூரியில் கறிவேப்பிலை இல்லை.

அந்தப் பெண்ணின் பெயர் ராசாத்தாள், அரங்கசாமியின் அக்கா. கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறாள். நான்கு ஆண்டுகளாகப் புதன்தோறும் வேலையை மாற்றிக்கொண்டு, இரண்டு பேருந்து ஏறி வருகிறாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை வெங்கடலட்சுமி இருநூறு முறையாவது பார்த்திருப்பார். அறங்காவலராக ஒருவரைத் தேடிக் கோயமுத்தூர் முழுவதும் தொலைபேசியில் அழைத்தவருக்கு, அந்தப் பெயர் கண்ணில் பட்டதே இல்லை.

"குழுவுல சேர்றீங்களா?" என்று கேட்டார்.

"நானுங்களா? எனக்கு என்னங்க தெரியும்?" என்று சிரித்தவள், கையை உதறிவிட்டு, "சேர்ந்தா கேக்கலாமுங்களா? அந்தக் கடைசியில இருக்கறவருக்கு ரெண்டு மாசமாப் பல்லு வலி. ஒரு பக்கமாவே மெல்லறாரு. ஆரு கூட்டிட்டுப் போவாங்க?" என்றாள். பிறகு, "இங்க உட்காருவாங்களே, அந்த அம்மா, நல்லா இருக்காங்களா?" என்றும் கேட்டாள்.

முதல் கேள்விக்கு விடை சொன்னார்: "நாளைக்கே நான் கூட்டிட்டுப் போறேன்." ரசச் சோற்றைப் பிசைந்தார்; உண்டார். எதிரே மேக்னா ஒரு கையால் சாப்பிட்டாள். மறு கை, பந்தி கலையும்வரை, அந்தக் காலி இடத்தின்மேலேயே இருந்தது.

அதன்பின் வந்த நான்கு புதன்கிழமைகளுக்குப் பதினான்கு பேரை அழைத்தார். ஆறு பேர் வந்தார்கள். இருவர் கடைசிவரை உட்கார்ந்தார்கள்: சூலூரில் மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒருவர், விமானப்படையில் ஓய்வு பெற்றவர் ஒருவர். குல்சும் வரவில்லை.

2024 செப்டம்பர் 14, இரண்டாம் சனிக்கிழமை, முற்பகல் பத்தரை மணிக்குக் குழு கூடி முடிவு செய்தவை இவை. வராத ஏழு உறுப்பினர்கள் விடுவிக்கப்பட்டார்கள். எவருக்கும் விழா இல்லை. ராசாத்தாளும் மற்ற இருவரும் சேர்க்கப்பட்டுக் குழு ஐவரானது. ஆகவே இல்லம் கைமாறாது. வெங்கடலட்சுமி செயலாளர் பொறுப்பிலிருந்து விலகினார், உறுப்பினராக இருப்பார், புதன்கிழமை பந்தியில் உட்காருவார். ஐந்து பேரால் இருபத்தாறு பேரைத்தான் கடைசிவரை பார்க்க இயலும் என்று ராசாத்தாள் சொன்னதை எல்லாரும் ஏற்றார்கள். எனவே இனி இல்லத்தில் புதிதாக எவரும் சேர்க்கப்பட மாட்டார்கள். இடம் கேட்டுக் காத்திருக்கும் பதினொரு குடும்பங்களுக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். கடிதம் அனுப்புவதில்லை என்றும், பதினொரு வீடுகளுக்கும் வெங்கடலட்சுமி நேரில் சென்று சொல்வது என்றும் முடிவாயிற்று.