மூடியைப் பூட்டியாச்சா?

“எஞ்சினியர்னு போட்டா ஒனக்கு என்னலே கொறைஞ்சு போவும்? ஊரு ஒலகத்துல—”

“அம்மா, நான் எஞ்சினியர் இல்ல, எத்தனை தடவை—”

“பிளேனு எஞ்சினைப் பிரிச்சு மாட்டுறேன்னு நீதான சொன்ன! எஞ்சினைப் பாக்குறவனுக்கு வேற என்ன பேரு, சமையக்காரனா?”

“டெக்னீஷியன். அதுவே போன வருசந்தான் குடுத்தாங்க. அதுவரைக்கும் மெக்கானிக்கு.”

“மெக்கானிக்கா? நம்ம கரையில மீன்பிடி வல்லத்துக்கு எஞ்சின் பாக்குற ரெக்ஸும் மெக்கானிக்குத்தான். அவன் கைலியில இருக்குற கிரீஸுல ஊருக்கே வெளக்கு ஏத்தலாம். நீயும் அவனும் ஒண்ணாலே?”

லீமாரோஸ் கைபேசியைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள். ராமநாதபுரம் அச்சகத்திலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையின் மாதிரி அதில் இருந்தது. மணமகள் ஷெரினின் பெயருக்குக் கீழே நர்ஸ் என்று போட்டிருந்தது. மகன் ஜெனிஷின் பெயருக்குக் கீழே ஒன்றுமில்லை.

“பொண்ணு வீட்டுக்காரங்க வேலையைப் போட்டிருக்காங்க. நம்ம பக்கம் மொட்டையா நிக்குது.”

“அங்கன ஒருத்தர் பேரை இன்னொருத்தர் வச்சுக்க முடியாதும்மா. ஹெல்பர் ஏணியைப் பிடிப்பான், சாமான் எடுத்துக் குடுப்பான். மெக்கானிக்கும் டெக்னீஷியனும் வேலையைச் செய்வாங்க. லைசென்ஸ் வச்சிருக்கிற எஞ்சினியர் அதைப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுவாரு. அந்தக் கையெழுத்து இல்லாம பிளேனு நகராது.”

“அப்ப பாடுபடுறது நீ, பேரு அவருக்கா?”

“பழியும் அவருக்குத்தான்.”

சொல்லிவிட்டு ஜெனிஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். லீமாரோஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“சரி, நவ்ஷாத் தம்பிக்கிட்டயே கேப்போம். அவரு நெசமான எஞ்சினியரு. போடலாம்னு அவரு சொன்னாப் போடுவோம். லீவுல கீழக்கரையிலதான இருக்காரு.”

“அவரை எதுக்கும்மா இப்ப? போன்ல—”

“போன்லயா? ஒன்னை அங்கன கூட்டிட்டுப் போயி ஆளாக்குன மனுசன். அந்த வீட்டுக்குக் கருவாடு கொண்டு போறப்பல்லாம் ‘எம்மவனுக்கு ஒரு வழி பண்ணுங்க தம்பி’ன்னு நான் கேட்டுக் கெடைச்ச வேலைலே அது. வாரோம்னு சொல்லிட்டேன். சட்டையை மாத்து.”

பாம்பன் பாலத்தில் பேருந்து ஏறியபோது லீமாரோஸ் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். ஜெனிஷ் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தான்.

வளைகுடா நாட்டில் அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எஞ்சினில் அவன் பூட்டிய ஒவ்வொரு மூடியையும் நவ்ஷாத் ஏணியில் ஏறித் தொட்டுப் பார்ப்பார். ஜெனிஷுக்கு ரோசம் வந்தது. கீழக்கரை வழக்கப்படி அவரை அண்ணன் என்ற பொருளில் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

“காக்கா, எங்க வல்லத்துல ஒருத்தன் கட்டுன நங்கூரக் கயித்தை இன்னொருத்தன் இழுத்துப் பாத்தான்னா, கட்டுனவன் மறுநா கடலுக்கு வரமாட்டான். என் கையி மேல நம்பிக்கை இல்லேன்னா சொல்லிருங்க.”

நவ்ஷாத் சிரித்துவிட்டார். “சரிலே, ஒன் கயித்தை நான் இழுக்கல.”

மற்றவர்கள் வேலைக்கு அவர் ஏணி ஏறினார். ஜெனிஷின் வேலைக்கு மட்டும் கீழே நின்று கேட்பார்: “மூடியைப் பூட்டியாச்சாலே?” மேலேயிருந்து அவன் சொல்வான்: “ஆச்சு காக்கா.” அதோடு கையெழுத்து.

அன்றும் கேட்டார். அன்றும் அவன் ஆச்சு என்றான். எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு மூடியை மேலே வைத்திருந்தான். அதற்குள் ஹெல்பர் கீழிருந்து எண்ணெய்க் கேனைக் கேட்டான். அதை இறக்கிக் கொடுத்து அவனை அனுப்பிய ஜெனிஷ், பூட்டாத மூடியின் மேலேயே எஞ்சினின் வெளிக்கதவைச் சாத்திவிட்டான். வானத்தில் எண்ணெய் முழுக்க ஒழுகி, விமானம் பாதி வழியில் திரும்பி வந்து இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

விசாரணையில் அவனிடம் கேட்டார்கள், எஞ்சினியர் ஏறிப் பார்த்தாரா என்று. இல்லை என்றான். அது உண்மை. உன்னிடம் கேட்கவாவது செய்தாரா என்றார்கள். வேலை போய்விடும், கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தான்.

“இல்ல. அவரு கேக்கவே இல்ல.” அவனை எச்சரிக்கையோடு விட்டார்கள்.

கீழக்கரை வீட்டில் நவ்ஷாத்தே கதவைத் திறந்தார். “வாங்க லீமாக்கா. வாலே மாப்பிள்ளை.” குரலில் எந்த மாற்றமும் இல்லை. ஜெனிஷுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

அவர் மனைவி லாமியா தேநீரும் தொதல் இனிப்பும் கொண்டுவந்து வைத்தாள். லீமாரோஸ் கருவாட்டுப் பொட்டலத்தை அவளிடம் கொடுத்துவிட்டுக் கைபேசியை நீட்டினாள்.

“தம்பி, நீங்களே சொல்லுங்க. இவன் பேருக்குக் கீழ எஞ்சினியர்னு போடலாமா, கூடாதா?”

நவ்ஷாத் திரையைப் பார்த்தார். “தாராளமாப் போடுங்க அக்கா. இப்பத்தான் ஒரு எடம் காலியாச்சு.”

லீமாரோஸ் சிரித்தாள். லாமியா சிரிக்கவில்லை.

“என்ன வெளாட்டு மச்சான் இது? லீமாக்கா, உங்ககிட்டயும் லீவுன்னுதான் சொன்னாகளா? லைசென்ஸைப் பறிச்சுட்டாங்க. மூடியைப் பூட்டியாச்சான்னு ஒரு வார்த்தை கேக்காமலே கையெழுத்துப் போட்டாகளாம். யாரு, இவுக! வீட்டைப் பூட்டிட்டு தெருவுல எறங்குனதும், கேஸை மூடியாச்சான்னு என் உயிரை வாங்குற மனுசன்! கேட்டாருன்னு கூட இருந்தவங்க சொன்னா லைசென்ஸ் திரும்பக் கெடைக்கும்ங்கிறாங்க. கூட இருந்தது யாருன்னு கேட்டா இவுக வாயத் தொறக்க மாட்டேங்கிறாக.”

“லாமியா, டீ ஆறுது.”

“ஆறட்டும். ஜெனிஷ் தம்பி, நீங்களும் அங்கனதான வேலை பாக்குறீங்க. அன்னைக்கு மேல ஏறி நின்ன ஆளு யாருன்னு உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?”

ஜெனிஷ் கையிலிருந்த தொதலைத் தட்டில் வைத்தான். நவ்ஷாத்தைப் பார்த்தான். அவர் தன் தேநீரில் விழுந்திருந்த ஏதோ ஒன்றைக் கரண்டியால் எடுக்க முயன்றுகொண்டிருந்தார். அது வரவில்லை. விடாமல் முயன்றார்.

லீமாரோஸ் மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவன் முகத்தைத் திருப்பியது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. கைபேசியை மெல்ல மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“ஏலே… தம்பி ஒங்கிட்ட கேட்டாரா, கேக்கலியா?”